வேலிப் பார்வையாளரின் வலக்கை

இந்த மன்றத்தின் நடுநாயகமாய் அமர்ந்து, கையில் மரச்சுத்தியலும் கண்ணில் கண்டிப்புமாய் எங்களைக் கட்டி மேய்க்கும் அவைத் தலைவர் திருமதி கான்ஸ்டன்ஸ் பைக் அவர்களே! தலைநகரிலிருந்து பனி உருகிய பாதையில் வண்டியோட்டி வந்து, கால்சட்டை விளிம்பில் ஆல்டர்ஃபோர்ட் ஊரின் சேற்றையே மாலையாய் ஏற்றுக்கொண்டு மேடையில் வீற்றிருக்கும், மாநில அரசமைப்புத் திருத்தக் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி எலியட் ஸ்வேசி அவர்களே! ஊர்க்குழுவின் உறுப்பினர்களே! எங்கள் பிறப்பையும் இறப்பையும் நாய் உரிமத்தையும் ஒரே பேனாவால் பதியும் ஊர் எழுத்தர் ஹோரஸ் அவர்களே! முன்வரிசையில் கை கம்பளி பின்ன, காது கருத்தைப் பின்னிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! நாற்காலிகள் காலியாய்க் கிடந்தும், சுவரில் சாய்ந்து கைகட்டி நிற்பதே ஆண்மைக்கு அழகென்று நிற்கும் பெருமக்களே! கீழ்த்தளத்தில் ஆப்பிள் பணியாரத்தை வெட்டியபடி மாடிப்படியில் காதை வைத்திருக்கும் என் சகோதரிகளே! உங்கள் அனைவருக்கும் யூலாலி தெரியனின் பணிவான காலை வணக்கம்.

நான் சட்டம் படித்தவள் அல்லள். பள்ளியைப் பாதியில் விட்டவள். ரொட்டி மாவு உப்பும்வரை சும்மா இருக்க மாட்டாமல் கைக்குக் கிடைத்ததை வாசித்தவள். அப்படிக் கிடைத்தவற்றுள் ஒன்று, நம் மாநில அரசமைப்பின் தலைவாசலில் நிற்கும் உரிமைப் பிரகடனம். அதைக் காலத்துக்கு ஏற்பத் திருத்துவதற்காக நீதிபதியின் குழு ஒரு வரைவு எழுதியிருக்கிறது. அந்த வரைவில் ஒரு வரியை நீக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த வரியையும் நீக்குங்கள் என்று நம் ஊர் கேட்கவேண்டுமா, வேண்டாமா? அதுதான் இன்றைய தீர்மானம். அதன்மேல்தான் இன்னொருவரின் முடிவும் தொங்குகிறது. அவர் வாசலருகே, மேல்கோட்டைக் கழற்றாமல் அமர்ந்திருக்கிறார். அவரிடம் பிறகு வருகிறேன்.

நான் கொதித்துப் பேச வரவில்லை. வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்குக் கொதிப்பு உதவாது. கொதித்தால் கூட்டல் தவறும். வரவை ஒரு பக்கமும் செலவை ஒரு பக்கமும் எழுதுவதைப்போல, இந்த வரைவுக்கு ஆதரவானதையும் எதிரானதையும் எடுத்து வைக்கிறேன். மிச்சம் எந்தப் பக்கம் என்று நீங்களே பாருங்கள்.

முதலில் வரவு. பழைய பிரகடனம் எப்படித் தொடங்குகிறது? "ஆடவர் அனைவரும் பிறப்பால் சுதந்திரமானவர்கள்." ஆடவர்! அனைவரும்! அப்படியானால் அந்த ஆடவரைப் பெற்றவர்கள் என்ன ஆனார்கள்? பால் கறந்தவர்கள் என்ன ஆனார்கள்? போருக்குப் போனவன் திரும்பும்வரை பண்ணையைக் காத்தவர்கள் என்ன ஆனார்கள்? புதிய வரைவு "மக்கள் அனைவரும்" என்கிறது. ஒரு சொல்தான் மாறியிருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லின் வழியே பாதி ஊர் உள்ளே வருகிறது.

என்ன அங்கே பின்னால்? "ஆடவர்னாலே பொம்பளைங்களும் சேத்திதான்"னா? நன்று, ஐயா. அப்படியே வைத்துக்கொள்வோம். அடுத்த முறை தீயணைப்புப் படையின் ஆடவர் விருந்துக்கு நாங்கள் எல்லோரும் வருகிறோம். இறைச்சி போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிரித்தது போதும். அடுத்த வரவு. "ஒருவரின் வீடும் உடைமையும் தாள்களும் தக்க காரணமின்றிச் சோதிக்கப்படக் கூடாது" என்கிறது பழையது. தாள்கள்! இன்று நம் கடிதம் எங்கே இருக்கிறது? வைத்தியர் சொன்ன சேதி எங்கே இருக்கிறது? மகள் அழுதுகொண்டே எழுதியது எங்கே இருக்கிறது? உள்ளங்கை அளவுள்ள ஒரு கண்ணாடிக்குள் இருக்கிறது. பழைய பிரகடனத்தை எழுதியவர்கள் அலமாரியைத்தான் அறிவார்கள். ஆகவே அலமாரிக்குப் பூட்டுப் போட்டார்கள். நமக்குச் சட்டைப்பைக்கும் பூட்டு வேண்டும். புதிய வரைவு அதைத் தருகிறது. இதை நான் மனமார ஏற்கிறேன்.

இனிச் செலவு. நீதிபதி அவர்களே, பழைய பிரகடனத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. அடிப்படைக் கொள்கைகளிடம் அடிக்கடி திரும்பிச் செல்வது சுதந்திரத்தைக் காக்க இன்றியமையாதது என்றது அது. உங்கள் குழு அதை அலங்காரம் என்று கழித்துவிட்டது. வீடு கட்டியவன் போகும்போது பிள்ளைகளிடம், "அப்பப்போ நிலவறைக்குப் போய் அடித்தூண் உளுத்திருக்கான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனால் அது அலங்காரமா? இன்று நாம் இங்கே கூடியிருப்பதே அந்த வாக்கியத்தின் அழைப்பால் அல்லவா? ஏறிவந்த ஏணியை ஏன் உதைத்தீர்கள்? தயவுசெய்து திருப்பி வையுங்கள்.

நீதிபதி குறித்துக்கொள்கிறார். நன்றி.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். கழிக்க வேண்டாததைக் கழித்த அதே குழு, கழிக்க வேண்டியதை விட்டுவிட்டது. அந்த வரியை வாசிக்கிறேன். "கடவுள் இருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்ளாத எவரும் இம்மாநிலத்தில் எந்தப் பதவியும் வகிக்கத் தகுதியுடையவர் ஆகார்."

எனக்குத் தெரியும், உங்களில் பலர் என்ன நினைக்கிறீர்கள் என்று. தினமும் செபமாலை உருட்டுகிற யூலாலியா இந்த வரியை நீக்கச் சொல்கிறாள்? போன வாரம் தேவாலயத்துப் பயறு விருந்தில் என் தோழி ஜெர்மேன் இதையே கேட்டாள். பரிமாறும் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டி யூலாலி, விடிஞ்சா பூசைக்குப் போறவ நீ. கடவுள் பேர அடிச்சுடுங்கன்னு மேடையேறிச் சொல்லப் போறியாமே? உனக்கே நல்லாருக்கா?"

"கடவுள் பேர யாருடி அடிக்கச் சொன்னா? அந்தப் பேரச் சொல்லி வாசல்ல ஒரு காவக்காரன நிறுத்தியிருக்கானுங்க. அவன வீட்டுக்கு அனுப்புங்கன்னுதான் சொல்றேன்."

"பாதர் கேள்விப்பட்டா என்ன சொல்வாரு?"

"பயறுல வெல்லப்பாகு கம்மின்னு சொல்வாரு. நீ கிண்டு."

ஜெர்மேன் கிண்டினாள். ஆனால் சமாதானமாகவில்லை. அதோ, மூன்றாம் வரிசையில் இன்னமும் சமாதானமாகாமல்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்காகவும்தான் பேசுகிறேன்.

நீதிபதி வெளியூர்க்காரர், அவருக்காக நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் இதே மன்றத்தில் நாம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கிறோம். வரவுசெலவு முடிந்து, சாலைச் செப்பம் முடிந்து, வயிறு பணியாரத்தை நினைக்கும் நேரத்தில் வேலிப் பார்வையாளர் பதவி வரும். இரண்டு நிலத்துக்காரர்கள் வேலிக்காகச் சண்டையிட்டால், நேரில் போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பதவி. அதில் இருவர் இருப்பார்கள்; ஆண்டுக்கு ஒருவரை மாற்றுவோம். யாரும் சண்டையிடுவதில்லை, ஆகவே அது வேடிக்கைப் பதவியாகிவிட்டது. அன்று கூட்டத்துக்கு வராதவர் யாரோ அவர் பெயரை முன்மொழிந்து, கைதட்டித் தேர்ந்தெடுத்துவிடுவோம். வராததற்கு அதுதான் தண்டனை. முந்தின ஆண்டு என் கணவர் ரோலண்ட் முதுகுவலி என்று வீட்டில் படுத்திருந்து பார்வையாளர் ஆனார். சென்ற ஆண்டு, காய்ச்சலில் படுத்திருந்த வினிஃப்ரெட் ஸ்டோவெல் அம்மையார் ஆனார்.

வினிஃப்ரெட் யார் என்று நம் ஊருக்குச் சொல்லத் தேவையில்லை, நீதிபதிக்காகச் சொல்கிறேன். நம் பள்ளி வண்டியின் ஓட்டுநர். கொட்டும் பனியில், திருப்பத்தில் இறக்கிவிட வேண்டிய பிள்ளையை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, உள்ளே விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை எடுப்பவர். அவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அதை அவர் மறைத்ததும் இல்லை, பறைசாற்றியதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிப்பார். நான் கோயிலுக்குப் போகும் வழியில் பாலத்தின்மேல் நின்று கையசைப்பார்; நானும் அசைப்பேன். அவருக்காக நான் வேண்டிக்கொள்வேன். எனக்காக அவர் எப்போதாவது ஒரு மீன் கொண்டுவந்து தருவார். யார் தந்தது யாருக்கு அதிகம் பயன்பட்டது என்று ஆண்டவர்தான் சொல்லவேண்டும்.

அவர் பதவியேற்ற நாள் ஹோரஸுக்கு நினைவிருக்கும். ஹோரஸ் உறுதிமொழியை வாசித்தார். வினிஃப்ரெட் வலக்கையை உயர்த்தினார்.

"ஹோரஸ், கடைசில 'கடவுள் துணை'ன்னு ஒரு வரி இருக்கே, அத நான் சொல்லல. மனசுல இல்லாதத வாயால சொன்னா அது பொய்யாப் போயிடும். பதவியேத்த மொத நாளே பொய் எதுக்கு? 'உறுதியளிக்கிறேன்'னு மட்டும் சொல்றேன்."

"வேலிக்கு எதுக்கு விண்ணி வேதம்? கையெழுத்தப் போட்டுட்டுப் போ. காபி ஆறுது."

இதைத்தானே சொன்னீர்கள், ஹோரஸ்? ஆம் என்று தலையாட்டுகிறார். அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் அந்தப் பழைய வரி நினைவில்லை. வேடிக்கைப் பதவிக்கு யார் வேதம் பார்க்கிறார்கள்?

ஆனால் வேடிக்கைக்கும் ஒரு நாள் வேலை வந்தது. இலையுதிர் காலக் கண்காட்சிக்கு முந்தின வாரம். நம் அன்புக்குரிய அமோஸ் கில்ஃபெதர் அவர்களின் கிடாரிகள் வேலியின் இடைவெளி வழியே, பக்கத்து நிலத்துத் தியோ லிண்ட்குவிஸ்டின் பூசணித் தோட்டத்துக்குள் நுழைந்தன. தியோ நம் ஊருக்குப் புதியவர், இளைஞர். கண்காட்சியில் எடை போடுவதற்காகக் கோடை முழுதும் வேருக்குப் பால் ஊற்றி ஒரு பூசணியை வளர்த்தார். தொட்டில் குழந்தைக்குக்கூட அவ்வளவு கவனிப்பு இருந்திருக்காது. அந்தப் பூசணியைத்தான் கிடாரிகள் தின்றன.

தியோ வேலிப் பார்வையாளர்களை அழைத்தார். ரோலண்டுக்குத் தாம் பார்வையாளர் என்பதே மறந்துபோயிருந்தது. நான்தான் நினைவுபடுத்தி, டோனட் என்னும் பொரித்த வளையப் பண்டம் ஒரு பை கட்டிக்கொண்டு கூடவே போனேன். ஆகவே இனிச் சொல்வது என் கண் கண்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் தியோ. இந்தப் பக்கம் அமோஸ்.

"ஐயா, உங்க மாடு என் பூசணியத் தின்னுடுச்சு."

"என் மாடு பூசணி திங்காது, தம்பி. உன் பூசணிதான் வேலி தாண்டிக் கொடிய நீட்டி என் மாட்ட வான்னு கூப்பிட்டிருக்கும்."

"வேலி விழுந்து கெடக்குதே, ஐயா!"

"விழுந்த வேலி உன்னோடது."

யாருடைய வேலி? அதுதான் கேள்வி. அதற்கு நம் முன்னோர் வைத்த வழி ஒன்று உண்டு. வினிஃப்ரெட் அந்த வழியை மறக்கவில்லை. இருவரையும் வேலியின் நடுப்புள்ளிக்கு வரச் சொன்னார். ஆளுக்கொரு பக்கமாய், முகத்துக்கு முகம் பார்த்து நிற்கச் சொன்னார்.

"ரெண்டு பேரும் வலக்கைய நீட்டுங்க. உங்க வலக்கை காட்டுற பாதி உங்களோடது. அத நீங்கதான் கட்டணும், நீங்கதான் காக்கணும்."

இருவரும் நீட்டினார்கள். தியோவின் கை மேற்கே காட்டியது. அமோஸின் கை கிழக்கே காட்டியது. விழுந்து கிடந்த வேலி கிழக்கே இருந்தது.

அமோஸ் கெட்டிக்காரர். சட்டென்று தியோவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"இப்போ பாரு விண்ணி. என் வலக்கை மேற்கதான் காட்டுது!"

"காட்டுது அமோஸ், நல்லாவே காட்டுது. ஆனா இப்போ ரெண்டு பேர் கையும் ஒரே பக்கம். கெழக்குப் பாதிய யாரு கட்டுவா? உன் கிடாரியா?"

அமோஸும் சிரித்துவிட்டார். இல்லையென்று சொல்லுங்கள், அமோஸ்! சிரித்தீர்கள். பிறகு திரும்பி நின்று, தியோவின் முகத்தைப் பார்த்து, கையை நீட்டினீர்கள். கிழக்குப் பாதி உங்களுடையது என்று தீர்ப்பானது. ரோலண்டும் ஒப்பினார். எல்லோரும் வளையப் பண்டம் தின்றோம். அது அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ஏன் முடியவில்லை? கண்காட்சியில் நாலு பேர் நாலு விதமாய்ப் பேசினார்கள். "பஸ் ஓட்டுற பொம்பள அமோஸ நிமித்திட்டாளாமே!" என்று கடையில் ஒருவர் சொன்னார். அவரும் இங்கேதான் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், அவரே காதைச் சொறிகிறார். வேலிக்காக வராத கோபம் அந்தச் சிரிப்புக்காக வந்தது. அமோஸ் பழைய பிரகடனத்தை எடுத்தார். தேடினார். அந்த வரியைக் கண்டார்.

சனிக்கிழமை காலை, குப்பைக் கிடங்கு. ஊரே கூடும் இடம். வினிஃப்ரெட் கண்ணாடிப் புட்டிகளைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். அமோஸ் போனார்.

"உன் தீர்ப்பு செல்லாது விண்ணி. நீ பார்வையாளரே இல்ல. நம்ம அரசமைப்புலயே எழுதியிருக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

அமோஸ் வாசித்தார். உரக்கவே வாசித்தார். கிடங்கில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டோம்.

"இதுல என் பேரு இல்லையே, அமோஸ்."

"உன்னமாதிரி ஆளுங்கன்னு இருக்கு."

வினிஃப்ரெட் மிச்சப் புட்டிகளைப் போட்டு முடித்தார். ஒவ்வொன்றாக, உடையாமல் போட்டார். பிறகு சொன்னார்: "இந்த ஊர்ப் பிள்ளைங்கள என் வண்டில ஏத்தினப்போ ஒருத்தரும் இதக் கேக்கல." நேரே ஹோரஸின் அலுவலகத்துக்குப் போனார். "வேற ஆளப் பாத்துக்கங்க" என்றார். அவைத் தலைவர் அந்த விலகலை உடனே ஏற்கவில்லை. இன்றைய தீர்மானம் முடியட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறார். வினிஃப்ரெட்டும் அதற்கு இசைந்தார். வரியை நீக்கச் சொல்லி ஊர் கேட்டால் இருப்பேன், இல்லையென்றால் எழுந்து போவேன் என்றார். அதனால்தான் கோட்டைக் கழற்றவில்லை.

இதுதான் நடந்தது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

ஊர்க்குழு வழக்கறிஞரைக் கேட்டது. அவர் சொன்னார்: "அது செத்த வரி. பெரிய நீதிமன்றம் அதை எப்போதோ கொன்றுவிட்டது. வினிஃப்ரெட்டின் பதவிக்கு ஒரு குறையும் இல்லை." நீதிபதியின் குழுவும் அதையே சொல்கிறது. செத்த பாம்பை ஏன் அடிக்க வேண்டும்? அடித்தால் தேவாலயங்கள் கோபிக்கும். அந்தக் கோபத்தில் கைபேசிக்கான பூட்டும் போய்விடும். ஆகவே கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள். இந்த வாதத்தில் விவேகம் இருக்கிறது. நான் மறுக்கவில்லை, வரவுப் பக்கத்திலேயே எழுதிக்கொள்கிறேன்.

ஆனால், ஐயா, செத்த வரி என்கிறீர்களே! செத்தது எப்படிக் குப்பைக் கிடங்குவரை நடந்து வந்தது? செத்தது எப்படி ஊர் கேட்க உரக்கப் பேசியது? செத்தது எப்படி ஒரு பெண்ணின் கையிலிருந்து அவள் கேட்காமலே நாம் கொடுத்த பதவியைப் பறித்தது? நீதிமன்றத்துக்கு அது செத்திருக்கலாம். அயல்வீட்டுக்காரருக்கு அது சாகவில்லை! அச்சில் இருக்கிறதே, ஐயா! அழகான தாளில், அரசின் முத்திரையின் கீழ், பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கும் பக்கத்தில் இருக்கிறதே! ஏழாம் வகுப்புப் பிள்ளை அதை வாசித்துவிட்டு, பள்ளி வண்டியில் ஏறி, ஓட்டுநரின் முதுகைப் பார்த்து என்ன நினைக்கும்?

"அது சரி, இன்னிக்குக் கடவுள எடுத்தா நாளைக்கு எத எடுப்பீங்க?"

அமோஸ்தான். அவைத் தலைவரே, சுத்தியலைத் தட்ட வேண்டாம், அவர் கேட்கட்டும். நல்ல கேள்வி. பயத்தில் பிறந்த கேள்விதான். ஆனாலும் பாசாங்கில் பிறந்தது அன்று. ஆகவே நேராகவே பதில் சொல்கிறேன்.

அமோஸ், அந்த வரி முன்பு வேறுவிதமாக இருந்தது. "கடவுளை ஒப்புக்கொள்ளாத எவரும்" என்று இல்லை. "புரொட்டஸ்டண்ட் அல்லாத எவரும்" என்று இருந்தது. என் கணவரின் கொள்ளுத்தாத்தா கியூபெக்கிலிருந்து மரம் அறுக்க வந்தவர். ஒரு பலகையைப் பார்த்தே அளவு சொல்வார். ஊருக்கு மரம் அளக்கும் அதிகாரி வேண்டியிருந்தது. அவர் கேட்டார், கத்தோலிக்கன் என்று மறுத்தார்கள். பிறகு ஒரு நாள் இதே மன்றத்தில் கூடி, அந்தச் சொல்லை நீக்குங்கள் என்று கேட்டார்கள். அன்றும் ஒருவர் எழுந்து, "இதை நீக்கினால் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம் விழும்" என்றாராம். அருள்கூர்ந்து எல்லோரும் சன்னல் வழியே பாருங்கள்! கோபுரம் நிற்கிறதா? நிற்கிறது! போன கோடையில் அதற்கு வெள்ளையும் அடித்தோம். உச்சியில் நின்றது நீங்கள், அமோஸ். கீழே ஏணியைப் பிடித்தது என் ரோலண்ட். ஒரு கத்தோலிக்கன் பிடித்த ஏணியில் ஏறினோமே என்று உங்கள் கால் நடுங்கியதா?

"அவன் பிடிச்சதாலதான் நடுங்குச்சு!"

ரோலண்டும் ஒப்புக்கொள்கிறார்! சரி, சரி. அமைதி.

இப்போது என் நம்பிக்கையைச் சொல்கிறேன். ஜெர்மேன், கேள். நான் கடவுளை நேசிக்கிறேன். விடியலில் அவர் பெயரைச் சொல்லி அடுப்பை மூட்டுகிறேன். அந்தப் பெயரை யாரும் என்னிடம் கேட்டு வாங்கியதில்லை. அதனால்தான் அது எனக்கு இனிக்கிறது. ஒரு பதவிக்காக முணுமுணுக்கப்படும் பெயர் வழிபாடு ஆகுமா? கதவைத் திறக்கும் சாவியாகக் கடவுளைச் செய்வது பக்தியா? நம்பாதவர் நம்புவதாக நடித்தால் உள்ளே விடும் வரி அது. நம்பவில்லை என்று நேர்மையாகச் சொன்னால் வெளியே தள்ளும் வரி அது. பொய்யனை அனுமதித்து உண்மையாளரை விரட்டும் ஒரு வரிக்குக் காவலாக என் ஆண்டவரின் பெயரையா நிறுத்துவது? அவருடைய மரியாதைக்காகவே சொல்கிறேன். அந்தப் பெயரை அந்த வாசலிலிருந்து விடுவியுங்கள்!

அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். ஆனால் ஒன்றே ஒன்றை அமோஸிடம் கேட்டாக வேண்டும்.

அமோஸ், தீர்ப்பு செல்லாது என்றீர்கள். வினிஃப்ரெட் பார்வையாளரே இல்லை என்றீர்கள். அப்படியானால் கிழக்குப் பாதி உங்களுடையது என்பதும் இல்லாமல் போனதல்லவா? நான் முதல் பனி விழுவதற்குமுன் தியோவின் வீட்டுக்கு ரொட்டி கொடுக்கப் போனேன். வேலியைப் பார்த்தேன். கிழக்குப் பாதி முழுதும் புதுக் கம்பி. தேவதாருக் கம்பங்கள், ஆழக் குழி, ஒவ்வொரு முடிச்சும் இறுக்கம். நடுப்புள்ளிவரை வந்து, அங்கே ஒரு கம்பம் நட்டு, அதோடு நின்றிருந்தது. ஓர் அடி கூடவும் இல்லை, ஓர் அடி குறையவும் இல்லை. வினிஃப்ரெட் எந்த இடத்தில் உங்களை நிறுத்தினாரோ, அந்த இடம்! தியோவைக் கேட்டேன். "அமோஸ் ஐயா தனியா வந்து கட்டினாரு. ஒண்ணும் பேசல. போகும்போது ஒரு பூசணி விதைப் பொட்டலத்தக் கம்பத்துல மாட்டிட்டுப் போனாரு" என்றார்.

சொல்லுங்கள், அமோஸ். செல்லாத தீர்ப்புக்கு ஏன் வேலி கட்டினீர்கள்?

எழுந்து நிற்கிறார். பேசட்டும்.

"…மாடு வெளிய போயிடுமே."

மாடு வெளியே போய்விடும். ஆம். சிரிக்காதீர்கள், இது நல்ல பதில். இதைவிட நேர்மையான பதிலை இந்த மன்றம் கேட்டதில்லை. தீர்ப்பு நியாயமானது என்பது உங்கள் கைக்குத் தெரிந்திருந்தது, அமோஸ். உங்கள் கடப்பாரைக்குத் தெரிந்திருந்தது. உங்கள் கிடாரிகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது! அந்த ஒரு வரிக்கு மட்டும்தான் தெரியவில்லை. தீர்ப்பின் நியாயத்தை அது பார்க்கவில்லை. தீர்ப்புச் சொன்னவரின் மனத்துக்குள் புகுந்து சோதித்தது. தக்க காரணமின்றி வீட்டைச் சோதிக்கக் கூடாது, தாள்களைச் சோதிக்கக் கூடாது, கைபேசியைச் சோதிக்கக் கூடாது என்கிறோம். நெஞ்சைச் சோதிக்கலாமா?

அன்று அந்த வேலியருகே அமோஸின் வலக்கை உயர்ந்து நீண்டது. யார் சொல்லி? வினிஃப்ரெட் சொல்லி. அதே வலக்கையைத்தான் வினிஃப்ரெட்டும் ஹோரஸின் முன் உயர்த்தினார். நம் முன்னோர் வேலியைப் பற்றிச் சொன்னதே உரிமைக்கும் பொருந்தும். அயலாருக்கு முதுகைக் காட்டி நின்றால் எல்லோர் கையும் ஒரே பக்கம் காட்டும். மறுபாதி ஆளில்லாமல் விழுந்து கிடக்கும். முகத்துக்கு முகம் நின்றால்தான் என் பாதி எது, உன் பாதி எது என்று தெரியும். என் பாதியை நான் கட்டுகிறேன். அவர் பாதியை அவர் கட்டட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலி!

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், குறுக்கே கேட்ட பெரியோர்களுக்கும், கம்பளியில் ஒரு பின்னலும் தவறவிடாத தாய்மார்களுக்கும், சேற்றில் வந்த நீதிபதிக்கும் என் நன்றி. இன்னும் சற்று நேரத்தில் அவைத் தலைவர், "ஆதரிப்பவர்கள் கை உயர்த்துக" என்பார். பிறகு, "எதிர்ப்பவர்கள் உயர்த்துக" என்பார். எதிர்ப்பவர்களும் அச்சமின்றி உயர்த்துங்கள். அதுவும் பிரகடனம் தந்த உரிமைதான். நான் கேட்பது ஒன்றே. எந்தப் பக்கத்துக்கு உயர்த்தினாலும், முகத்தைத் திருப்பிக்கொண்டு உயர்த்தாதீர்கள். கோட்டைக் கழற்றாமல் வாசலருகே வினிஃப்ரெட் அமர்ந்திருக்கிறார். அவரைப் பார்த்தபடி உயர்த்துங்கள்.

ஆண்டவர் இந்த ஊரைக் காக்க. அவரை நம்புவோரையும் நம்பாதோரையும் ஒருசேரக் காக்க. உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.